அக்காவுக்கு மட்டும்

என் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு சின்ன எவர்சில்வர் குண்டான் இருக்கிறது. ஓர் ஆளுக்கான சோறுதான் அதில் வேகும். கூட ஒரு பிடி போட்டால் பொங்கி அடுப்பெல்லாம் கஞ்சியாகிவிடும். அடி கறுத்திருக்கிறது. விளிம்புக்குக் கீழே 'அக்காவுக்கு மட்டும்' என்று எழுத்து வெட்டியிருக்கிறது. செங்கல்பட்டில் ஒரு பாத்திரக் கடையில் நான் சொல்லி வெட்டியது. இந்த அளவில் குண்டான் கேட்டதும் கடைக்காரர், "சொப்பு சாமானா சார்? பேத்திக்கா?" என்றார். எங்கள் அக்காவுக்கு என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பேர் என்ன வெட்டணும் என்று கேட்டார். அன்றைக்கு இருந்த ஆத்திரத்தில் இப்படி வெட்டச் சொன்னேன். இப்போதும் இந்தக் குண்டானைப் பார்த்தால் எனக்கு முதலில் வருவது அழுகை இல்லை, ஆத்திரம்தான்.

அக்காவுக்குத் திருப்போரூரில் வீடு. கோயில் குளத்துக்குப் பின்னால் மூன்றாவது தெரு. மாமா பஸ் டிரைவர், இரண்டு பையன்கள், படுத்த படுக்கையாக மாமியார். இத்தனை பேருக்கும் அக்கா ஒருத்திதான் அடுப்படியில் நின்றாள். மாமாவுக்குக் குழம்பில் தேங்காய் ஆகாது. பெரியவன் கத்தரிக்காயைப் பார்த்தாலே எழுந்து போய்விடுவான். சின்னவனுக்குக் கத்தரிக்காய் இல்லாத கருவாட்டுக் குழம்பு குழம்பே இல்லை. மாமியாருக்கு எல்லாவற்றையும் குழைத்து, காரமில்லாமல். நான்கு நாக்கையும் மனப்பாடமாக வைத்திருந்தவள், தனக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "எனக்கு இன்னாடா, எல்லாம் புடிக்கும்" என்பாள். அவளுக்கு அடிச்சட்டிக் காந்தல் பிடிக்கும் என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். கடைசியில் உட்காருகிறவளுக்குச் சட்டியில் வேறு என்ன மிஞ்சும் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

மாமியார் போனார், பிறகு மாமாவும் போனார். பெரியவன் பெங்களூருக்கும் சின்னவன் துபாய்க்கும் வேலைக்குப் போனார்கள். அப்போது நான் அணுபுரம் குவார்ட்டர்ஸில் இருந்தேன். லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் சதுரங்கப்பட்டினத்தில் மீன் வாங்கிக்கொண்டு, மாமல்லபுரம் வழியாக ஸ்கூட்டரில் அக்கா வீட்டுக்குப் போவேன். சங்கரா கிடைத்தால் சங்கரா, இல்லையென்றால் நெத்திலி. நான் தெருவில் திரும்பும்போதே மசாலா அரைபடும் சத்தம் கேட்கும். குழம்பு, வறுவல், ரசம், ஒரு பொரியல் என்று கல்யாண வீடு மாதிரி ஆக்கி வைப்பாள். நானும் வயிறு முட்டத் தின்றுவிட்டு, அக்கா தனியாக இருந்தாலும் வாய்க்கு ருசியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறாள் என்று நிம்மதியாகத் திரும்பி வருவேன்.

ஒரு புதன்கிழமை, உடன் வேலை செய்யும் ஒருவர் வாங்கிய மனைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட திருப்போரூர் போக வேண்டியிருந்தது. வேலை முடிந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தவள் முகம் வெளுத்துவிட்டது. "இன்னாடா, சொல்லாம கொள்ளாம வந்துகீற?" என்றாள். நேரே அடுப்படிக்குப் போனேன். அடுப்பு துடைத்து வைத்தது வைத்தபடி சில்லென்று இருந்தது. மேடையில் ஒரு டம்ளர் ஆறிப்போன டீயும் கவரில் இரண்டு பொறை ரொட்டியும் இருந்தன. பக்கத்தில் ஒரு கடைப் பொட்டலம், முந்தின நாள் தக்காளி சாதம், பாதி தின்றது. அம்மியும் கரண்டியும் போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஈரம் பார்க்கவில்லை.

"சோறு ஆக்கலயா?" என்றேன்.

"ஒருத்திக்கு இன்னாத்துக்குடா அடுப்பு பத்த வெக்கணும்? கேஸுக்குப் புடிச்ச கேடு."

"அப்ப ஞாயித்துக்கெழம ஆக்குறது?"

"அது நீ வர்றல்ல?"

அவள் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்க்கத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். நான் போனதால்தான் அவள் எப்படி இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று.

இது அக்கா ஒருத்தியின் கிறுக்கு என்றால் விட்டுவிடலாம். அந்தத் தெருவிலேயே தனியாக இருந்த பெண்கள் எல்லோரும் இப்படித்தான் இருந்தார்கள். பிள்ளைக்கு ஆக்கலாம், புருஷனுக்கு ஆக்கலாம், விருந்தாளிக்கு, கோயில் கூழுக்கு ஆக்கலாம். தனக்காக ஒரு முட்டையை உடைத்து ஊற்றினால் மட்டும் அது நாக்கு ருசிக்கு அலைவதாகிவிடும். யார் கிளப்பிவிட்ட நியாயம் இது? தனக்காக ஒருவர் அடுப்பைப் பற்றவைக்கும்போது வயிறு மட்டுமா நிறைகிறது? இன்றைக்கு என்ன வேண்டும் என்று தன்னையே ஒரு கேள்வி கேட்கவேண்டி வருகிறது. கடுகு வெடிக்கும்வரை வேறு கவலையை நினைக்க முடியாது. உப்பும் எண்ணெயும் நம் கையில் இருக்கின்றன. காலை எது, மதியம் எது என்று நாளுக்கு ஓர் ஒழுங்கு வருகிறது. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்வது மாதிரி, காய்ச்சலுக்குக் கஷாயம் குடிப்பது மாதிரி, இதுவும் உடம்பைப் பார்த்துக்கொள்வதுதான். இதையெல்லாம் அக்காவிடம் தொண்டை வறளச் சொன்னேன். "ஆமாண்டா, நல்லா சொல்ற" என்று எனக்கு மோர் கலக்கப் போனாள்.

அவளுக்குச் சர்க்கரை இருந்தது. அதுதான் என் பயமெல்லாம். மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுக்குப் பதில் டீயைக் குடித்துவிட்டு, ஒரு நாள் குளியலறையில் மயங்கி விழுந்தாள். டாக்டரம்மா என் எதிரிலேயே சொன்னார்: "மாத்திர போட்டா சாப்பிட்டே ஆகணும்மா. கடைல வாங்காதீங்க, டீ குடிச்சிட்டுப் படுக்காதீங்க. நேரத்துக்கு வீட்ல ஆக்கின சோறு. மாத்திரை மாதிரி இதையும் சீட்டுல எழுதித் தரட்டுமா?" அக்கா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டினாள். பெரிய சட்டியில் ஓர் ஆளுக்கு வடிக்கத்தான் சோம்பல் படுகிறாள் என்று நினைத்து, அந்த வாரமே குண்டானை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுத்தைத் தடவிப் படித்துவிட்டுச் சிரித்தாள். "மாமா பேரு, புள்ளைங்க பேரு போட்ட பாத்திரந்தான் வூடு பூரா கீது. எனக்கின்னு ஒண்ணு வெட்டிக்கினு வந்தவன் நீதாண்டா" என்றாள். அதை அப்படியே கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

பல வாரம் கழித்தும் குண்டான் அலமாரியை விட்டு இறங்கவில்லை. எனக்கு வெறுத்துவிட்டது. ஒரு ஞாயிறு, வாங்கின மீனைக் கையில் கொடுத்துவிட்டு, "நீ உனக்குன்னு ஆக்கித் துன்ற வரைக்கும் இந்த வூட்ல நான் கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வாசலோடு திரும்பினேன். நான் மருந்து என்று நினைத்து ஊற்றியது விஷமாகப் போயிற்று. எங்கள் பக்கம் ஒரு வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்றால் உறவை முறித்துக்கொண்டதாக அர்த்தம். தெரு முழுக்கத் தம்பி சண்டை போட்டுப் போய்விட்டான் என்று பேச்சு. பெங்களூரிலிருந்து பெரியவன் போன் போட்டு, "இன்னா மாமா, அம்மா வூட்ல சாப்ட மாட்டேன்னியாமே? எதுனா மனை தகராறா?" என்று கேட்டான். உன் அம்மா சாப்பிட வேண்டும் என்பதற்காகத்தான் நான் சாப்பிடவில்லை என்று விளக்கினேன். அவனுக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. அக்கா என்னிடம் பேசவே இல்லை.

பிறகு ஒரு நாள் அவளே போனில் வந்தாள். "வாடா, உன் குண்டான்லதான் தெனம் ஆக்குறேன். வந்து பாரு." போனேன். உண்மைதான். குண்டான் அடுப்பில் இருந்தது, அடி கறுத்திருந்தது, ஓரத்தில் கஞ்சி காய்ந்திருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. உட்கார்ந்து மூன்று முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டேன். கை கழுவக் கொல்லைப்பக்கம் போனபோதுதான் பார்த்தேன். செவலை நாய் ஒன்று பின்வாசற்படியில் நின்றுகொண்டிருந்தது. அக்கா குண்டானை எடுத்து வந்து, சோற்றில் மீன் தலையைப் பிசைந்து, முழுவதையும் அதன் தட்டில் கவிழ்த்தாள்.

நான் கத்தியது நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். "நாய்க்குத் தெனம் ஆக்கத் தெரியிது. அதோட ஒரு பிடி உனக்குப் போட்டா கொறைஞ்சா பூடுவ?"

அக்கா கோபப்படவில்லை. நாயின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "அது பசிச்சா வந்து வாசப்படில நின்னுகினு மூஞ்சியப் பாக்குதுடா. போடாம இருக்க முடியல. நான் எங்கடா எனக்கு எதிர்ல வந்து நிக்கிறது?"

காலிக் குண்டானை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

போன மழைக்காலத்தில் அவள் மறுபடியும் விழுந்தாள். நாய் குரைத்துக்கொண்டே இருந்ததால் பக்கத்து வீட்டம்மா வந்து பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கண் திறக்காமலே போய்விட்டாள். நான் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது மாத்திரை அட்டை பிரித்தபடி மேடையில் கிடந்தது. பின்வாசலில் நாயின் தட்டு நக்கித் துடைத்த மாதிரி பளபளவென்று இருந்தது. குண்டானில் ஒரு பருக்கை மிச்சமில்லை. காரியம் முடிந்து பாத்திரங்களைப் பிரித்தபோது பையன்கள் பெரிய அண்டாக்களை எடுத்துக்கொண்டார்கள். இந்தக் குண்டானை ஒருவரும் கேட்கவில்லை, நான் எடுத்து வந்தேன். நாய் பக்கத்து வீட்டுக்குப் பழகிவிட்டது.

இப்போது என் மனைவி மகளின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருக்கிறாள். நான் ரிட்டையர் ஆகி, வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். நேற்று மதியம் பசித்தது. அடுப்படிப் பக்கம் போகவே தோன்றவில்லை. கை தானாகப் போனை எடுத்துப் பிரியாணிப் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஒருத்தனுக்காக யார் ஆக்குவது என்று வாய் முணுமுணுத்ததைக் காது கேட்டது. தூக்கிவாரிப் போட்டது. போனைக் கவிழ்த்து வைத்தேன். எழுந்து போய் அடுப்படி வாசற்படியில் நின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. யாரும் இல்லாத அடுப்படியைப் பார்த்து, "பசிக்குது" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

பிறகு குண்டானை இறக்கிக் கழுவி, ஒரு பிடி அரிசி களைந்து போட்டேன். பக்கத்து அடுப்பில் இரண்டு தக்காளியை நசுக்கி ரசம் வைத்தேன். தோசைக்கல்லில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றினேன். ரசம் நுரை கட்டுவதற்குள் சோறு வெந்துவிட்டது. சூடாகத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது அடக்க முடியாத கோபம் வந்தது. குண்டானைப் பார்த்துக் கேட்டே விட்டேன்.

"இவ்ளோதானேக்கா? இவ்ளோதானே?"