கடையில இருந்த மெயிலும் வீட்டுல நான் போட்ட சத்தமும்

இன்னைக்குக் காலையில ஒரு நல்ல மனுஷனைப் பொய் சொல்றீங்கன்னு சொல்லிட்டேன்.

லால்பேட்டை ஹமீது பாய், மகள் கல்யாண பிரியாணிக்கு முந்திரி வியாபாரம் பண்ற என்கிட்ட ஒரு மூட்டை கேட்டிருந்தார். சிதம்பரத்துல வீட்டு கம்ப்யூட்டர்ல பார்த்தா ஆர்டர் மெயிலே இல்லை.

போன் போட்டேன். "நேத்தே அனுப்பிட்டேனே அண்ணே, நாளைக்குக் கல்யாணமாச்சே" என்றார்.

"அனுப்பாமலே என்கிட்ட பொய் சொல்லாதீங்க பாய்"னு கத்திட்டேன். பாயோட போன் ஸ்பீக்கர்ல இருந்திருக்கு. பக்கத்துல இருந்த அவரோட சம்பந்தி வீட்டாரும் கேட்டுட்டாங்க.

திருப்பாதிரிப்புலியூர் கடைக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தா, அந்த மெயில் அங்க பத்திரமா இருக்கு!

மச்சானை வரச்சொல்லிக் காட்டினேன். "கடை கம்ப்யூட்டர் மெயிலை இறக்கினதும் சர்வர்ல அழிச்சிடுது மாமா. அப்புறம் வீட்டுல எப்படித் தெரியும்? இப்படி செட் பண்ண புண்ணியவான் யாரு?"

"நான்தான்டா. இன்பாக்ஸ் நிரம்புதுன்னு பண்ணேன்."

சிரிச்சுக்கிட்டே ரெண்டு இடத்துலயும் தெரியுற மாதிரி மாத்திக் குடுத்தான். எனக்குத்தான் சிரிப்பு வரலை.

மூட்டையை வண்டியில ஏத்திக்கிட்டு நானே லால்பேட்டை போனேன். சம்பந்தி எதிரிலேயே, "பாய் அனுப்பினது நெஜம், தப்பு என்னுது"ன்னேன்.

பாய் முந்திரியைக் கையில அள்ளிப் பார்த்தார். "சரக்கு சுத்தம் அண்ணே. உங்க வாயைத்தான் கொஞ்சம் புடைச்சு எடுக்கணும்."

எந்த மூஞ்சியோட நாளைக்குப் போறதுன்னு நீங்களே சொல்லுங்க. ஏன்னா பேசி முடிச்சது இதுதான்: முந்திரி பழைய விலைக்கே, வண்டி வாடகை என்னுது, கல்யாணத்துல சம்பந்தியோட ஒரே சஹன்ல, அதான் நாலு பேர் சுத்தி உட்கார்ந்து கை போட்டுச் சாப்பிடுற பெரிய தட்டுல, நானும் உட்கார்ந்து சாப்பிடணும்.