கறுப்பு நூல் கட்டிய கசெட்

எனக்கு எழுத்து அதிகம் வராது. பஸ்ஸின் பலகையை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். ஆனால் எங்கள் வீட்டில் இருக்கும் ஐந்து பெட்டிக் கசெட்டில் எந்தப் பாட்டைக் கேட்டாலும் தடவியே எடுத்துத் தருவேன். என் கணவர் வாடகைக்கு ஒலிபெருக்கி கட்டியவர். அவர் இறந்தபின் நானே கட்டினேன். தேற்றாத்தீவிலிருந்து படுவான்கரை வரை, ஒரு பெண் வந்து பாட்டுப் போட்ட கல்யாண வீடு என்றால் அது நான் போட்டதுதான்.

கசெட்டுகளுக்கு நூல் கட்டி வைத்திருந்தேன். மஞ்சள் கோயிலுக்கு. சிவப்பு கல்யாணத்துக்கு. பச்சை, பிள்ளை பெரியவளான வீட்டுக்கு. கறுப்பு நூல் ஒரேயொரு கசெட்டில்தான். அது போடுவதற்கில்லை.

சண்டைக் காலத்தில், பக்கத்து வீட்டு மச்சாளின் கணவரை வாகனத்தில் வந்தவர்கள் பிடித்துப்போன பகல், ஒரு கல்யாண வீட்டில் நான் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் இருவரும் அங்கேதான் நின்றார்கள். அவர் சமையலுக்குத் தண்ணீர் அள்ள ரோட்டுக் கிணற்றுக்குப் போனார். வாகனம் வந்து நின்ற சத்தம் என் பாட்டில் யாருக்கும் கேட்கவில்லை. அவர் திரும்பி வரவில்லை. இன்றுவரை இல்லை.

அப்போது பாடியது, ஒரு பெண் தனியே பாடும் மெல்லிய பாட்டு. வீட்டுக்கு வந்ததும் அந்தக் கசெட்டில் கறுப்பு நூலைக் கட்டினேன். முப்பது வருசத்துக்கு மேலாக அந்தப் பாட்டு மச்சாளின் காதில் விழாமல் பார்த்துக்கொண்டேன். அதில் எனக்கொரு பெருமை இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

என் மகள் இப்போது டீஜே பழகுகிறாள். நாற்பது வயதில்தான் ஆசை வந்தது. பாசிக்குடா ஹோட்டலில் வேலை செய்தபோது அங்கே பார்த்துப் பிடித்துப்போயிற்று. என் கசெட்டுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, நிமிடத்துக்கு எத்தனை அடி விழுகிறது என்று எண்ணி, ஒரே வேகத்துப் பாட்டுகளை ஒரே போல்டரில் போடுகிறாள். ஒரு பாட்டு பாதி போகும்போதே இன்னொன்றை அதன்மேல் ஏற்றி, அடி பிசகாமல் முதல் பாட்டை இறக்கிவிட வேண்டுமாம். நூல்களைப் பார்த்துச் சிரித்தாள். அதுதான் என்னுடைய போல்டராம்.

கறுப்பு நூலை மட்டும் தொடாதே என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

"பாட்டு என்னம்மா செய்தது?" என்றாள்.

அன்று மத்தியானம் நான் சோறு வடித்துக்கொண்டிருக்கையில் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. கஞ்சியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். நான் கத்தியதில் மகள் நிறுத்திவிட்டாள். ஆனால் மச்சாள் ஏற்கெனவே வாசலில் நின்றாள்.

"நல்ல பாட்டு. ஏன் புள்ள நிப்பாட்டின?"

இனி மறைக்க முடியாது. "மச்சாள், அவர் போன அண்டைக்குப் பாடினது இதுதானே" என்றேன்.

அவள் கதவில் சாய்ந்து நின்றாள்.

"ஆர் சொன்ன? இது இல்ல மச்சாள்."

கதவுப் பலகையில் விரலால் தட்டி இரண்டு வரியை முனகினாள். எனக்கு முன்னமே மகளுக்கு விளங்கிவிட்டது. அது பொம்பிளை மாப்பிள்ளை வந்து இறங்கும்போது நான் எப்போதும் போடும் ஆட்டப் பாட்டு. போடாத கல்யாணம் இல்லை. மச்சாளின் மகள் கல்யாணத்துக்கும் போட்டேன். மச்சாள் முன்வரிசையில் இருந்து கேட்டாள். அழுத நாளுக்கு அழுகைப் பாட்டு ஒன்றை என் மனம்தான் தேடி எடுத்து வைத்திருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எல்லாரும் ஆடக்குள்ள நிப்பாட்டச் சொல்லயா? நீங்க மறந்துபோனீங்க எண்டு நினைச்சன். சிலவேளை, ஞாபகம் வச்சு எனக்காகத்தான் போடுறீங்களோ எண்டும் நினைச்சன்."

அந்த ஆட்டப் பாட்டை அழித்துவிடவா என்று மகள் கேட்டாள்.

"வேணாம் புள்ள. அது பாடக்குள்ள அவர் தண்ணிக்குத்தான் போயிருக்கார். முடியக்குள்ளதான் எனக்கு ஏலாது. நீ இப்ப பாதியில மற்றப் பாட்டுக்குப் போறாய் என்ன, அப்படியே செய். முடிய விடாத."

அடுத்த மாதம் எங்கள் ஒழுங்கையில், நாலு வீடு தள்ளி ஒரு கல்யாணம். மகளுக்கு அதுதான் முதல் வேலை. பொம்பிளை மாப்பிள்ளை இறங்கும்போது அந்தப் பாட்டைப் போட்டாள். பாதியில் மற்றதை ஏற்றினாள். அடி பிசகவில்லை, ஆடியவர்களுக்குப் பாட்டு மாறியதே தெரியவில்லை. மச்சாள் தலை நிமிராமல் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

எனக்குத்தான் பழைய பாட்டு நிற்கவில்லை. இத்தனை வருசம் முழுசாகப் போட்டவள் நான். புதுப் பாட்டின் அடியில் அது எனக்குள் வரி வரியாக ஓடி, கடைசி அடிவரை பாடி முடிந்தது. முடிந்ததும் ரோட்டுப் பக்கம் பார்த்தேன்.