எல்லைக்கல்லைத் தாண்டிய மேர்

மேர் பதவிக்குப் பிரெஞ்சு சர்க்கார் கொடுத்த மூவர்ணப் பட்டுக் கச்சையைத் தோளின் குறுக்கே போட்டுக்கொண்டால் என்னை யாரும் அடிக்க மாட்டார்கள் என்று முழுசாக நம்பினேன். அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயசு. பாகூர் கொம்யூனுக்கு மேர், அதாவது அந்த வட்டாரத்து ஊர்களுக்கெல்லாம் தலைவன், புதுச்சேரிச் சபையில் மெம்பர் வேறு. கச்சைமேல் கம்பு பட்டால் பிரான்சு தேசமே கப்பலேறி வந்து கேட்கும் என்பது என் கணக்கு.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் தேர்தல் என்றால் ஓட்டுச்சீட்டுக்கு முன்னால் கம்பு வந்துவிடும். எதிர்க்கட்சி மட்டுமா, எங்கள் கட்சியும் கம்புக்கு எண்ணெய் தடவித்தான் வைத்திருந்தது. அந்த வருஷம் கடற்கரைக் கிராமமான மணப்பட்டில் ஓட்டுப் பெட்டியைத் தூக்க வந்த நாலு பேர், தடுத்தவனைக் கடல்மணலில் போட்டு மண்டையைப் பிளந்தார்கள். பிறகு வயலில் விழுந்து ஓடி எல்லைக்கல்லைத் தாண்டினார்கள். கல்லுக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சு, அந்தப் பக்கம் இங்கிலீஷ். எங்கள் சிப்பாய் அங்கே கால் வைக்கக் கூடாது. அவர்கள் அந்தப் பக்கத்து வரப்பில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தார்கள். சிப்பாய்கள் இந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். கல்லருகே காவல் போடச் சொல்லிச் சபையில் ஒரு மணி நேரம் பேசினேன். எல்லாரும் கை தட்டினார்கள். காவல் வரவில்லை.

செத்தவனுடைய அண்ணன் கரைவலை இழுக்கிறவர். நாலு பேரையும் ஜட்ஜு முன்னால் அடையாளம் சொல்கிறேன் என்று அவர் ஒருவர்தான் வந்தார். பார்த்த மற்றவர்களுக்கெல்லாம் திடீரென்று கண் மங்கிவிட்டது. ஜட்ஜு பாகூருக்கு வருகிற அன்று அவரை நானே பத்திரமாகக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்தேன். போலீஸ் அதிகாரி இரண்டு சிப்பாய்களை அனுப்புவதாகச் சொன்னார். கச்சை இருக்கும்போது சிப்பாய் எதற்கு என்று சொல்லிவிட்டேன். சிப்பாயோடு போனால் மேருக்குப் பயம் என்று ஊர் சிரிக்குமே என்கிற பயம்தான் காரணம்.

புறப்படும்போது வலைக்காரர், சிப்பாய் யாரும் வரவில்லையா என்று இரண்டு தரம் கேட்டார். நான் நெஞ்சைத் தட்டிக் காட்டினேன்.

"இது இருக்குதேய்யா."

அவர் கச்சையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நடந்தார்.

வெயில் ஏறுகிற நேரம், கரும்புக்கொல்லையிலிருந்து நாலு பேரும் வெளியே வந்தார்கள். கையை உயர்த்தி, பிரெஞ்சுச் சட்டத்தின் பேரால் என்று ஆரம்பித்தேன், ஆரம்பித்ததாகத்தான் ஞாபகம். சட்டம் வாயில் இருந்தபோதே கால் கிளம்பிவிட்டது. ஒரு செருப்பு சேற்றில் போயிற்று. கச்சையின் குஞ்சம் தொடைக்கு நடுவே மாட்டிக்கொண்டு என்னைக் கன்றுக்குட்டி மாதிரி துள்ள வைத்தது. இருபது தப்படி தூரத்தில் எல்லைக்கல். தாண்டி விழுந்தேன். தப்பித்துவிட்டேன் என்று மூச்சுகூட விட்டேன். கல்லைத் தாண்டினால் வராதவன் பிரெஞ்சுச் சிப்பாய்தான், இவர்களுக்கு இதுதான் வூடு என்பது விழுந்த பிறகுதான் உறைத்தது.

முதல் அடி வலைக்காரர் முழங்காலில் விழுந்தது. வரப்பைப் பிடித்து எழுந்தார். இரண்டாவது அடி தாடையில். பச்சை மட்டை பிளக்கிற மாதிரி சத்தம் கேட்டது. கீழே விழுந்த பிறகும் நாலு கம்பும் மாறி மாறி இறங்கின. கைகளால் தலையை மூடியிருந்தார், விரல்களின் மேலேயே அடித்தார்கள். அவர் என்னைக் கூப்பிடவில்லை. ஒரே ஒரு தரம் முகத்தைத் திருப்பிக் கல்லின் பக்கம் பார்த்தார். நான் அப்போது கச்சையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். முடிச்சு அவிழவில்லை.

வேலை முடிந்ததும் அவர்கள் கல்லை நோக்கி வந்தார்கள். ஓடவில்லை, நடந்தே வந்தார்கள். ஒருவன் கம்பைப் புல்லில் துடைத்தபடி என்னைப் பார்த்தான்.

"இன்னா மேரே, நீயும் இங்கதானா? தள்ளிக் குந்து, வழி வுடு."

தள்ளி உட்கார்ந்தேன். போனார்கள். என்னை யாரும் அடிக்கவில்லை. அடிக்க வரவும் இல்லை.

தாடை உடைந்ததால் வலைக்காரரால் ஜட்ஜிடம் ஒரு பேரும் சொல்ல முடியவில்லை. மூன்றாம் நாள் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இறந்தார். நான் வேண்டாம் என்ற சிப்பாய்கள் இரண்டு பேரும் அன்று காலை முழுக்க பாகூர் போலீஸ் ஸ்டேஷனில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.