வெட்டியெடுத்த கோட்டைகள்

எனக்குப் பத்து வயதாக இருந்த கோடையில் அப்பாவும் அம்மாவும் என்னைப் பிரான்ஸுக்குக் கூட்டிப்போனார்கள். ஸ்காபரோவில் எங்கள் அடுக்குமாடியில் யாரும் ஊர் சுற்றிப் பார்ப்பதற்கென்று விமானம் ஏறியதில்லை. கோட்டைகள் பார்க்கப் போகிறோம் என்று அப்பா சொன்னார். லிஃப்டில் கண்டவர்களுக்கெல்லாம் நானும் அதையே சொன்னேன்.

பாரிஸில் அம்மாவின் தம்பி இருந்தார். அம்மா அவரைக் கண்டு ஒன்பது வருடங்கள். மாமா மிகவும் மெலிந்திருந்தார். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டைகள் போட்டிருந்தார். சிநேகிதரின் காரை இரவல் வாங்கி நான்கு நாட்கள் எங்களைக் கோட்டை கோட்டையாகக் கொண்டுதிரிந்தார். அகழிகள், சீவி வாரியதுபோல் கத்தரித்த தோட்டங்கள், யாரோ ஒரு ராணி படுத்த கட்டில். அம்மா ஒன்றையும் பார்க்கவில்லை. படம் எடுக்கும்போதெல்லாம் மாமா, "அக்கா, கமராவைப் பாருங்கோ. என்னைப் பார்த்தது போதும்" என்பார்.

கடைசி நாள், மலையைக் குடைந்த வைன் நிலவறை ஒன்றுக்குப் போனோம். உள்ளே இருட்டு, ஈரம். மாமா பாதியிலேயே படியில் குந்திவிட்டார். சுற்றிக்காட்டியவர் பெரியவர்களுக்குச் சின்னக் கிளாஸில் வைன் கொடுத்தார். மாமா அதைத் தொடவில்லை.

"டொக்டர் வேண்டாம் எண்டவர்."

அம்மா பீப்பாய்களின் பக்கம் திரும்பி நின்றார்.

"எப்ப மாமா கனடாவுக்கு வாறியள்?" என்று கேட்டேன்.

"உங்கடை ஸ்நோ பார்க்க வரத்தானே வேணும், பிள்ளை," என்று சொல்லி மூச்சு வாங்கினார்.

இலையுதிர்காலத்தில் வகுப்பில் கோட்டைகளைப் பற்றி ஒரு புரொஜெக்ட் தந்தார்கள். அல்பத்தை எடுத்தேன். எல்லாப் படத்திலும் அம்மாவும் மாமாவும் வாசலை மறைத்துக்கொண்டு நின்றார்கள். கோட்டைகளை மட்டும் கவனமாக வெட்டி மட்டையில் ஒட்டினேன். மிச்சத்தைக் குப்பைக் குழாயில் போட்டேன். ஏழு மாடி இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. எனக்கு 'ஏ' கிடைத்தது.

தை மாதம் மாமா இறந்துபோனார். சட்டம் போட ஒரு படம் வேண்டும் என்று அம்மா அல்பத்தைத் திறந்தார். ஊரில் இருந்த படங்கள் இடம்பெயர்வில் போய்விட்டன. பிரான்ஸ் நெகட்டிவ்களை அப்பா எங்கோ தொலைத்திருந்தார். நான் செய்ததைச் சொன்னேன். அப்பா கை ஓங்கினார்.

"விடுங்கோ. அவளுக்கு என்ன தெரியும்," என்றார் அம்மா.

மாமாவின் அடையாள அட்டைப் படம் பாரிஸிலிருந்து ஃபக்ஸில் வந்தது. கண்கள் இருந்த இடம் வெறும் கறுப்பு.

பிறகு அம்மா என் மட்டையைப் பள்ளிக்கூடத்திலிருந்து வாங்கிவரச் சொல்லி, சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒட்டினார். ஒரு கோட்டையின் ஓரத்தில், கத்தரிக்கோலுக்குத் தப்பிய மாமாவின் முழங்கை இருந்தது. தினமும் வேலைக்குப் போகுமுன் அம்மா கோட் போட்டபடியே அதன்முன் நிற்பார். என் புரொஜெக்ட் அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டதென்று நினைத்து, நான் பக்கத்தில் போய் நின்று ஒவ்வொரு கோட்டையையும் யார் கட்டினார்கள் என்று வாசித்துக் காட்டுவேன். அம்மா 'ம்' கொட்டிக்கொண்டிருப்பார்.