அன்னாசி ஆலை வாசலில் பெரட்டு நின்றேன்

எனக்கு வாய் அதிகம். சபையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், மறைக்க ஒன்றுமில்லை. சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிக்கொண்டிருந்த நாளில், கங்காணி ஒரு வார்த்தை சொன்னால் நான் நாலு வார்த்தை சொல்லுவேன். அந்த வாய் ஜொகூர் பாரு பட்டணத்தில் செத்துப்போனது. அங்கே நான் ஊமையாகத் திரிந்த கதையையும், அந்த ஊமைக்குக் கர்த்தர் செய்ததையும் சாட்சியாகச் சொல்லத்தான் இன்றைக்கு எழுந்து நிற்கிறேன். நடுவில் அழுதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1931-ஆம் வருடம். ரப்பர் விலை விழுந்து தோட்டம் தோட்டமாக ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் என் புருஷன் யாக்கோபுக்கு இருமல் முற்றியது. முதலில் சளி என்றோம். பிறகு ஒரு காலையில் துப்பியதில் ரத்தம் இருந்தது. தோட்டத்து மருந்துக்காரர் பார்த்துவிட்டு, ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ரயிலேற்றிவிட்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு அவர், அவருக்கு நான், அவ்வளவுதான்.

அதே வாரத்தில் என்னையும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தோட்டத்துக் கணக்கர், கிராணி என்போம், கூப்பிட்டுச் சொன்னார்.

"இந்தா பாரு ஞானம்மா, இனிமே இங்க வேல இல்ல. எல்லாரையும் ஊருக்குக் கப்பலேத்துறாங்க. பட்டணத்துல எங்கயாவது உனக்கு வேல கெடச்சா நீ இருந்துக்கலாம். இல்லன்னா அடுத்த கப்பல்ல ஏறிப் போயிடணும்."

"அவர விட்டுட்டா?"

"ரத்தம் கக்குறவன எந்தக் கப்பல்ல ஏத்துவாங்க? ஆஸ்பத்திரி பாத்துக்கும். நீ போ."

நீ போ என்கிறார்! என் துணிமணியையும் ரப்பர்ப் பால் எடுக்கும் வாளியையும் மரம் சீவுகிற கத்தியையும் எடுத்துக்கொண்டு ரயிலேறினேன்.

பட்டணத்தில் ரயில்பாதை வேலைக்காரர் குடியிருக்கும் லயத்து வீட்டில் அன்னம்மா அக்கா இருந்தார்கள். எங்கள் சபைக்காரர்கள். ஒண்ட இடம் கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் வீட்டுக்காரருக்கே வேலை நாளைக் குறைத்திருந்தார்கள். எனக்கு அவர் எங்கே சொல்லிவைப்பார்?

சின்னப் பெண்ணாகக் கப்பலில் வந்தவள் நான். இந்த மண்ணிலேயே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் மலாய் தெரியாது. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எங்கே கற்பது? தோட்டத்தில் கங்காணி தமிழர், கிராணி தமிழர், கடைக்காரர் தமிழர். வெள்ளைக்காரத் துரைகூடத் தமிழில்தான் திட்டுவார். பட்டணத்துக்கு வந்தபிறகுதான் நான் இருந்த நாடு எதுவென்றே எனக்குத் தெரிந்தது. தெருவில் மலாய், கடையில் சீனம், ஆபீஸ் வாசலில் மறுபடியும் மலாய். வீடு வீடாகப் போய்ப் பாத்திரம் தேய்க்கிறேன், துணி துவைக்கிறேன் என்று தமிழில் சொன்னேன், கையால் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். சிலர் பிச்சைக்காரி என்று நினைத்துச் சோறு கொண்டுவந்தார்கள். அந்தச் சோற்றை வாங்கும்போது எனக்கு உயிரே போயிற்று.

"அக்கா, நீங்களாவது ஒருதரம் கூட வந்து பேசுங்களேன்" என்றேன்.

"அட போ ஞானம்! எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மீன் வாங்குற மலாய்தான். அத வச்சு ஒனக்கு வேல கேக்க முடியுமா?" என்றார்கள்.

பொழுது சாய ஆஸ்பத்திரிக்குப் போவேன். கட்டிலில் என் புருஷன் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டிருந்தார்.

"கப்பல் எப்ப புள்ள?" என்று கேட்பார்.

"எந்தக் கப்பலும் இல்ல. சும்மா கெடங்க."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அந்த நாளில் எனக்கு ஜெபமும் வறண்டுபோனது. முழங்காலில் நின்றால் கோபம்தான் வந்தது. "ஆண்டவரே, எங்கே போய்விட்டீர்? உமக்கும் தமிழ் மறந்துவிட்டதா?" என்று கேட்டேன். கேட்டதைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரே விண்ணப்பம் மிஞ்சியது. "இவரைச் சுகமாக்கும். சுகமாக்க உமக்குச் சித்தமில்லையானால், இவர் கண்ணை மூடும்போது என்னைப் பக்கத்தில் வையும். தனியாகச் சாகவிடாதேயும்."

கடலோரம் ஓர் அன்னாசி ஆலை இருந்தது. விடியும்முன் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போவதைப் பார்த்தேன். தோட்டத்தில் வேலை எப்படிக் கிடைக்கும்? விடியும்முன் பெரட்டுக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். கங்காணி பெயர் கூப்பிட்டு வேலையைப் பிரித்துக் கொடுப்பார். பெரட்டில் நின்றவளுக்கு வேலை உண்டு, நிற்காதவளுக்கு இல்லை. எனக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான். பட்டணத்திலும் அப்படித்தான் என்று நினைத்து, மறுநாள் இருட்டிலேயே ஆலை வாசலில் போய் நின்றேன். தலைத்துணி கட்டி, கையில் கத்தியோடு, காலடியில் பால் வாளியோடு. வேலைக்கு வருகிறவள் சாமான் இல்லாமல் வரலாமா?

வரிசையே இல்லை. நான் ஒருத்திதான் வரிசை. வந்த பெண்கள் எல்லோரும் சீனத்திகள். என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள், சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். யாரும் பெயர் கூப்பிடவில்லை. காவல்காரன் கத்தியைப் பார்த்துப் பதறி, அதைப் பிடுங்கிக்கொண்டு விரட்டினான். நான் நாலடி தள்ளிப் போய் மறுபடியும் நின்றேன். வெயில் ஏறியபிறகுதான் திரும்பினேன்.

அன்னம்மா அக்கா தலையில் அடித்துக்கொண்டார்கள். "அடிப் பைத்தியக்காரி! பட்டணத்துல ஏதுடி பெரட்டு? யாரு ஒன்ன பேரு சொல்லிக் கூப்பிடுவா?"

ஆனாலும் மறுநாள் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். வேறு எங்கே போக? வீட்டில் உட்கார்ந்தால் கப்பல் நினைப்புத்தான் வரும். அங்கே நிற்கும்போது மனதுக்குள் ஜெபித்துக்கொண்டே நிற்பேன். மழைக்காலம் பிடித்துக்கொண்டது. மழையிலும் நின்றேன்.

வாசலுக்கு எதிரே மரத்தடியில் ஒரு மலாய்க்கார அம்மா தேங்காய்ப்பால் சோறு விற்பார்கள். வயதான மலாய்ப் பெண்களை மக்சிக் என்று கூப்பிடுவார்கள். அந்த மக்சிக் தினமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் காவல்காரனிடம் சண்டைபோட்டு என் கத்தியை வாங்கிக் கொடுத்தார்கள். கையை ஆட்டி என்னவோ கேட்டார்கள். புருஷன் எங்கே என்று கேட்பதுபோல இருந்தது. நான் இருமிக் காட்டி, மேட்டிலிருந்த ஆஸ்பத்திரியைக் காட்டினேன். அவர்கள் முகம் வாடிப்போனது. அதற்குமேல் பேச இருவருக்கும் வழியில்லை.

கப்பலுக்கு நாள் குறித்துவிட்டதாகத் தோட்டத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள். மறுநாள் காலை, நான் கடைசியாக அந்த வாசலில் நின்றேன். மழை விடவில்லை. மக்சிக் வியாபாரம் முடியாமலே கூடையைக் கட்டிவிட்டு விறுவிறுவென்று என்னிடம் வந்து, என் மணிக்கட்டைப் பிடித்து, "மாரி, மாரி" என்று இழுத்தார்கள். வா என்கிறார்கள், அது எனக்குப் புரிந்தது. எங்கே என்றுதான் புரியவில்லை.

மேட்டில் ஏறினார்கள். ஆஸ்பத்திரி தெரிந்தது. அவர்கள் என் முகத்தைப் பார்க்காமலே நடந்தார்கள். போய்விட்டார், செய்தி இவர்களுக்கு வந்துவிட்டது, எனக்குச் சொல்ல வாயில்லாமல் கூட்டிப்போகிறார்கள் என்று நினைத்தேன். செத்துவிட்டாரா? இந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்கு வாய் இல்லையே, ஐயோ! அவர் படுத்திருந்த வார்டைத் தாண்டினோம். நிற்கவில்லை. பின்பக்கம் திரும்பினார்கள். பிணம் வைக்கிற அறை பின்பக்கம்தான் என்று அன்னம்மா அக்கா சொல்லியிருந்தார்கள். நான் "இயேசுவே!" என்று அலறி, வாளியோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மக்சிக் என்னைத் தூக்கி நிறுத்தி மூலையைத் திருப்பினார்கள்.

அங்கே பிணம் இல்லை. பெரிய அண்டாக்களில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கட்டில் விரிப்புகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடம். அதைப் பார்த்துக்கொள்கிறவர் மக்சிக்கின் மருமகன். மக்சிக் அவரிடம் படபடவென்று பேசினார்கள். பிறகு கையைக் கட்டி, தலையை நிமிர்த்தி, மழையில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு அசையாமல் நின்று காட்டினார்கள். என்னைத்தான் நடித்துக் காட்டினார்கள். அந்த மனிதர் சிரித்துவிட்டார். என் வாளியைப் பார்த்தார். தண்ணீர்க் குழாயைக் காட்டினார். நான் ஓடிப்போய்த் தண்ணீர் பிடித்தேன்.

அன்றைக்கு எவ்வளவு துணி துவைத்தேனோ, எவ்வளவு அழுதேனோ, தெரியாது. அன்னம்மா அக்கா வீட்டுக்காரர் தோட்டத்துக்குப் போய் எனக்கு வேலை கிடைத்ததைச் சொன்னார். கப்பல் நான் இல்லாமல் போயிற்று.

பிறகு மலாய் கொஞ்சம் வந்தபோது மக்சிக்கிடம் கேட்டேன், என்னை ஏன் கூட்டிப்போனீர்கள் என்று. "யாரும் கூப்பிடாமலே மழையில் வந்து நிற்கிறாயே, கூப்பிட்டால் எப்படி வருவாய் என்று நினைத்தேன்" என்றார்கள்.

என் புருஷன் சுகமாகவில்லை. சாட்சி என்றால் சுகமானார் என்று முடியவேண்டும் என்று நீங்கள் காத்திருப்பீர்கள். இல்லை. ஆனால் மத்தியானம் கஞ்சியை நான்தான் ஊட்டினேன். முதுகை நான்தான் துடைத்தேன். அவர் இருமும்போது வெளுக்கிற இடத்தில் எனக்குக் கேட்கும், ஓடுவேன். மழை முடிந்து வெயில் வந்த ஒரு காலையில் அந்த இருமல் நின்றுபோனது. ஓடினேன்.

"இங்கதான் இருக்கியா புள்ள?" என்றார்.

"இங்கதாங்க இருக்கேன்" என்றேன்.

என் கையைப் பிடித்தபடியே போய்விட்டார். அவரை அடக்கம் பண்ணிவிட்டு மறுநாள் வேலைக்கு வந்தேன். அவர் படுத்திருந்த விரிப்பு குவியலில் கிடந்தது. வேறு யாரையும் தொடவிடவில்லை. நானே வெளுத்து, நானே காயப்போட்டேன். கர்த்தர் என் விண்ணப்பத்தில் ஒரு பாதியைக் கேட்டார், மறுபாதியைக் கேட்கவில்லை. ஏன் என்று இன்னும் அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் கேட்ட பாதிக்கு ஸ்தோத்திரம் சொல்லாத நாள் கிடையாது.

இப்போதும் விடியும்முன் எழுந்து, முழங்கால் போடாமல், வாசலில் நின்றுதான் ஜெபிக்கிறேன். பெரட்டு நிற்கிறேன் என்று அன்னம்மா அக்கா கேலி செய்வார்கள். இங்கே வேலையில்லாதவர்கள் இருக்கிறீர்கள். கட்டிலில் ஆளைப் போட்டுவிட்டு வந்தவர்களும் இருக்கிறீர்கள். ஜெபிக்க வார்த்தை வரவில்லையென்றால் கவலைப்படாதீர்கள். நாளைக் காலையில் நீங்களும் என் வாசலுக்கு வந்து நில்லுங்கள், உங்கள் பக்கத்தில் நானும் நிற்கிறேன்.