செத்த கம்பெனியின் மோட்டார் சைக்கிள்

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்ணில், கிளேட்டன் பக்கம் இருந்த தமிழ்க் குடும்பங்களை ஒரே வரவேற்பறைக்குள் இருத்திவிடலாம். அப்படி இருத்தினால் அவர்கள் பேசுவது என் மோட்டார் சைக்கிளைப் பற்றியாகத்தான் இருக்கும். கல்யாணம் ஆகாத பெண் காற்சட்டை போட்டுக்கொண்டு, விடிகாலையில் தெருவையே எழுப்பிக்கொண்டு போகிறாள் என்பது அவர்களுக்கு அலுக்காத பேச்சு. பேசட்டும் என்று விட்டுவிட்டேன். சத்தத்தைக் குறைப்பதற்கு நான் எதுவும் செய்யவில்லை.

ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தம், சிறுநீர் சோதிக்கிற வேலை எனக்கு. விடிகாலை முறை. அந்த நேரத்தில் எங்கள் பக்கம் பஸ் ஓடாது. நான் அண்ணா வீட்டில் இருந்தேன். "நான் கொண்டுபோய் விடுறன்" என்று முதல் கிழமை சொன்ன அண்ணா, இரண்டாம் கிழமை முகத்தை நீட்டினார். பிறகு, "இந்த வேலை உனக்கு அவசியமோ?" என்று கேட்கத் தொடங்கினார். சிட்னியில் ஒரு மாப்பிள்ளையை அவர் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். வாகனம் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் சிட்னிக்காரனின் குசினியில் சமையல்தான். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்த ஜெர்மன்காரி ஒருத்தி ஊருக்குத் திரும்பும்போது தன் மோட்டார் சைக்கிளை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். கறுப்பு நிறம், நல்ல பாரம். ஆஸ்பத்திரி வாகனத் தரிப்பிடத்தில் அவளே எனக்கு ஓட்டவும் பழக்கினாள். அதைச் செய்த கம்பெனி அவளுடைய ஊர்க் கம்பெனி. முதலில் பின்னல் இயந்திரம் செய்தார்களாம், பிறகு சைக்கிள், பிறகு மோட்டார் சைக்கிள். போர் முடிந்து நாடே இடிந்து கிடந்தபோது கார் வாங்க யாரிடமும் வக்கில்லை, ஆனால் எல்லோரும் வேலைக்குப் போக வேண்டும். அந்தக் கம்பெனி அவர்களையெல்லாம் ஏற்றி அனுப்பியது. உலகத்திலேயே அதிகம் மோட்டார் சைக்கிள் செய்தவர்கள் நாங்கள்தான் என்று சொல்லும்போது அவள் நிமிர்ந்து உட்காருவாள். ஆலைச் சங்கு ஊதினால் ஊர்ப் பாலத்தில் நடக்க இடம் இருக்காதாம்.

பிறகு அதே ஜனங்களின் கையில் காசு வந்தது, கார் கேட்டார்கள். கம்பெனியும் மோட்டார் சைக்கிளைக் கைவிட்டுவிட்டுக் காருக்குப் பின்னால் போனது. யாரும் செய்யாத புதுவகை எஞ்சின் போட்டு ஒரு கார் விட்டார்கள். கார் அழகு, எஞ்சின் சரிவரவில்லை. திருத்திக் கொடுத்துக் கொடுத்தே கம்பெனி இளைத்துப் போனது. பெரிய கம்பெனி ஒன்று வந்து விழுங்கிவிட்டது. அந்த முதலாளிகள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். பொன் போல ஒரு பொருளைச் செய்யத் தெரிந்து வைத்துக்கொண்டு, அது போதாது என்று நினைத்தார்களே!

ஒருநாள் எலிசபெத் தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் கடைக்குப் போய் கிளச் கேபிள் கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். "அந்தக் கம்பெனி செத்துப்போச்சு, பெண்ணே. ஜப்பான்காரனுடையதை வாங்கு" என்றார். நான் சிரிக்கவில்லை. இலங்கையில் இறக்குமதித் தடைக் காலத்தைக் கண்டவள் நான். அப்பாவின் பழைய காருக்கு எந்தக் கப்பலிலும் சாமான் வராது; அதற்காக அந்தக் காரை யாரும் குழி தோண்டிப் புதைக்கவில்லை. அதே கடையில் ஒரு ஜப்பான் கேபிளை வாங்கி வந்து, அளவுக்கு வெட்டி, நுனியில் ஈயத்தை உருக்கி வைத்தேன். வண்டி ஓடியது.

அந்த வருஷம் ஆயுத பூசை வந்தது. பூசை என்றால் அண்ணாவுக்கு அளவே தெரியாது. தட்டச்சு மெஷின், தையல் மெஷின், புல்லு வெட்டுகிற மெஷின், தன்னுடைய கார் என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். என் மோட்டார் சைக்கிளை அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. ஆனாலும் சாமி காரியத்தில் அவர் ஓரவஞ்சனை செய்வதில்லை. பெற்றோல் தாங்கியின் மூடிமேல், சரியாக நடுவில், அடை தட்டியது போல ஒரு பொட்டு வைத்தார். அண்ணி கற்பூரம் காட்டினார். எனக்கு மனம் இளகிவிட்டது. அண்ணா சமாதானத்துக்கு வந்துவிட்டார் என்றே நம்பினேன்.

அடுத்த நாள் காலை, ஸ்பிரிங்வேல் ரோட்டில் எஞ்சின் இருமி இருமி நின்றது. தாங்கியைக் குலுக்கிப் பார்த்தேன், பெற்றோல் சளசளத்தது. உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்து, கொஞ்ச நேரம் சும்மா நின்ற பிறகு உதைத்தால் ஓடியது. கொஞ்சத் தூரம் போய்த் திரும்பவும் நின்றது. மறுநாளும் அப்படியே. பிளக்கைக் கழற்றித் துடைத்தேன், காபுரேற்றரைக் கழுவினேன். வீட்டு முற்றத்தில் வைத்து முறுக்கினால் நல்ல பிள்ளையாக ஓடும், ரோட்டுக்குப் போனால் மூச்சை விடும். வேலைக்கு இன்னொருமுறை பிந்தினால் உன் இடத்துக்கு வேறு ஆள் என்று ஆய்வுகூடத்து மேலாளர் சொல்லிவிட்டார்.

"பெத்த கம்பெனியே கைவிட்டிட்டுது. நீ ஏன் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்?" என்றார் அண்ணா. "சனிக்கிழமை பழைய இரும்பு எடுக்கிற ஒருத்தன் வருவான். நான் சொல்லிப்போட்டன்."

"என்னைக் கேக்காமலோ?"

"கேட்டால் நீ ஓம் எண்டு சொல்லுவியே?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த வீட்டையே பெயர்த்திருப்பேன். ஆனால் நாள் தவறாமல் நடுரோட்டில் நின்றவளுக்கு என்ன வாய் இருக்கிறது? வரட்டும் என்றேன்.

சனிக்கிழமை அந்த ஆள் ட்ரெயிலரோடு வந்து இறங்கினான். அண்ணா வாசலில் அவனை வரவேற்றுப் பேசிக்கொண்டு நின்றார். வண்டியைக் கொண்டுபோகட்டும், நான் நிரப்பிய பெற்றோலில் ஒரு சொட்டும் அவனுக்குக் கிடையாது என்று தகரக் கானும் ரப்பர் குழாயும் எடுத்துக்கொண்டு போய்த் தாங்கியின் மூடியைத் திருகினேன். அது இறுகிக் கிடந்தது. பலமாகத் திருகியதும் 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது.

நான் அப்படியே நின்றேன். ஆய்வுகூடத்தில் நாளெல்லாம் நான் செய்கிற வேலை அது. கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை உறிஞ்சி எடுத்து, குழாயின் மேல்நுனியை விரலால் மூடினால் ஒரு துளியும் இறங்காது. விரலை எடுத்தால்தான் இறங்கும். மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெற்றோல் கீழே இறங்குவதற்காகக் காற்றை உள்ளே விடுகிற சின்னத் துவாரத்தின் மேல் அண்ணாவின் சந்தனம் காய்ந்து, சீமெந்தாக இறுகிக் கிடந்தது.

கொண்டை ஊசியைப் பிடுங்கித் துவாரத்தைக் குத்தினேன். உடைந்த சந்தனத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, ஹெல்மெட்டை மாட்டி, ஓர் உதை உதைத்தேன். ஓடியது.

"எங்கை வெளிக்கிடுறாய்?" என்று அண்ணா ஓடி வந்தார்.

"மல்கிரேவ் வரைக்கும் போட்டு வாறன்."

"நடுரோட்டில நிண்டால்?"

"நிண்டால் இந்த இரும்புக்காரர் அங்கை வந்து ஏத்தட்டும்."

வழக்கமாக நிற்கிற இடம் வந்தது. வண்டி நிற்கவில்லை. அதற்கு அடுத்த சந்தியும் போனது. ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுக் கத்தினேன், சந்தோஷத்தில். மல்கிரேவைத் தொட்டுவிட்டு, வேண்டுமென்றே சுற்றுவழியாக வீட்டுக்கு வந்தேன். பழைய இரும்புக்காரன் அண்ணி கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டு நின்றான். எஞ்சின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டான். இதை உடைக்க நான் வரவில்லை என்று சொல்லிக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான்.

கைக்குட்டையை அண்ணாவின் முன்னால் விரித்தேன்.

"இதென்ன?"

"உங்கட சந்தனம். காத்துப் போற ஓட்டையை அடைச்சுப்போட்டியள்."

குசினி வாசலில் நின்ற அண்ணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அண்ணா சந்தனத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "நல்லதுக்கெண்டுதானே வைச்சனான்" என்றார், சத்தம் இல்லாமல்.

"ஓம் அண்ணா. நல்லதுக்கெண்டு வைச்சபடியால்தான் ஒருத்தரும் அதைச் சந்தேகப்படேல்லை."

திங்கட்கிழமை விடியமுன் வண்டியை அவருடைய ஜன்னலுக்குக் கீழே வைத்தே உதைத்தேன். வேலைக்கு நேரத்துக்குப் போனேன். சிட்னி மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் சரிவந்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம், பாவம், நல்லாயிருக்கட்டும்.

இரண்டொரு வருஷத்தில் அந்தக் கம்பெனியின் பெயர் கார்களிலிருந்தும் போய்விட்டது என்று ஜெர்மன்காரி எழுதியிருந்தாள். பெயர் போனால் போகட்டும். எனக்கு இங்கே அது ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த ஆயுத பூசையன்று அண்ணா சந்தனக் கிண்ணத்தோடு முற்றத்துக்கு வந்தார். வண்டிக்குக் கிட்டப் போனவர் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்கை வைக்கலாம்?" என்று கேட்டார்.