வாசலில் கைமாறிய தூண்டில்

தூண்டில் கம்பின் சின்ன வளையங்களில் நீர் உறைந்து நூல் சிக்கும்போதெல்லாம், அப்பா கம்பை வாயருகே கொண்டுபோய் ஒவ்வொரு வளையமாக ஊதுவார். அவர் மூச்சில் இருந்த இஞ்சித் தேநீர் மணத்தோடுதான் அந்தக் குளிர்காலங்கள் எனக்கு நினைவுக்கு வருகின்றன. இரண்டாயிரத்துப் பத்தையொட்டிய ஆண்டுகள் அவை. பாரிசின் லா ஷப்பலில், ஒரு பலசரக்குக் கடைக்கு மேலிருந்த சின்ன வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான மாமி ஆகியோர் இருந்தோம்.

அப்பா சமைத்த உணவகத்தின் பிரெஞ்சு முதலாளி தன் பழைய கம்பைக் கொடுத்து, ட்ரவுட் மீனுக்கு வீசப் பழக்கியிருந்தார். இதில் புழு கிடையாது. குஞ்சு மீன் நீந்துவதுபோல் தெரிய, கொக்கியில் நீள இறகைக் கட்டுவார்கள். அதற்கு "ஸ்ட்ரீமர்" என்று பெயர். மினுக்கத்துக்கு மாமி தன் பழைய சேலையிலிருந்து சரிகையை உருவிக் கொடுப்பார். "குளிருக்கை மீன் அடியிலை கிடக்கும், துரத்தாது. மூக்குக்கு முன்னாலை ஆறுதலா, மெல்ல இழுக்கோணும்" என்பார் அப்பா. பிடித்ததைத் திரும்பத் தண்ணீரில் விட வேண்டும் என்பது அந்தக் குளத்துச் சட்டம். "விட்டிட்டு வாறதுக்கோ இந்தக் குளிருக்கை போறியள்?" என்று அம்மா கேலி செய்வார்.

குளம் பாரிசுக்கு வெளியே வெகுதூரம். எங்களைக் காரில் கூட்டிப்போனவர் அப்பாவோடு வேலை செய்த அந்தோனி மாமா. அவருடைய ஆட்கள் ஊரில் கடலுக்குப் போனவர்கள்; அவரோ சிறுவயதிலேயே விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டு, தூண்டிலைத் தொடாமலே வளர்ந்தவர். ஒருமுறை அப்பா வற்புறுத்தி வீசவைத்தபோது கொக்கி அவருடைய தொப்பியைத்தான் பிடித்தது. அதன்பின் எனக்குத் துணையாகக் காருக்குள் இருந்துவிடுவார்.

எங்கள் ஊரில் மீன்பிடிப்பது ஒரு சாதியின் தொழில். வேறு சாதியினரான எங்களவருக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது, ஆனால் பிடிக்கிறவரை வீட்டுக்குள் விட மனம் வராது. அதனால் அம்மா கம்பைக் கதவுக்குப் பின்னால், குளிர்ச்சட்டைகளால் மூடித் தொங்கவிடுவார். "சனம் கண்டால் கதை கட்டும்" என்பார்.

அப்படியொரு குளிர்காலத்தில்தான், பாரிசின் புறநகரான ஸ்தேனில் இருந்த ஒருவரோடு மாமிக்குக் கல்யாணம் பேசினார்கள். வயது ஏறிக்கொண்டிருந்த மாமிக்கு ஏற்கெனவே பல பேச்சுகள் முறிந்திருந்தன. இதுவும் போனால் இனி இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு ஞாயிறு மத்தியானம் அந்தோனி மாமாவும் நாங்களும் குளத்திலிருந்து திரும்பி மாடியேறினால், மாப்பிள்ளையின் பெரியப்பா சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நிற்கிறார். அப்பாவின் கையிலிருந்த கம்பையும் அதில் தொங்கிய ஈர இறகையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, ஊரிலை நீங்கள் எவடம் எண்டு சொன்னனீங்கள்?"

ஊரின் பெயரைக் கேட்டுச் சாதியை அறிவது எங்களவர் வழக்கம். அது எனக்கே அப்போது தெரியும். அப்பா சிரித்தார்.

"இது என்ரை இல்லை ஐயா, இந்த அந்தோனியின்ரை. இவை கடற்கரைப் பக்கத்து ஆக்கள்" என்று கம்பை நீட்டினார்.

அந்தோனி மாமா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். "ஓம், என்ரைதான்" என்று வாங்கிக்கொண்டார். அவருக்காக அம்மா ஊற்றி வைத்திருந்த தேநீர் வந்தவருக்குப் போனது. ஒடுங்கிய படிக்கட்டின் சுவரில் கம்பு தட்டத் தட்ட அந்தோனி மாமா இறங்கிப் போவதைக் கேட்டுக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்க வெட்கப்பட்டு, நான் என் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் நடந்தது. அந்தோனி மாமாவுக்குச் சொல்லவில்லை. "என்னாலைதானே அண்ணை" என்று மாமி புறப்படும் நாளில் அழுதார். அப்பா வேறு உணவகத்துக்கு மாறிக்கொண்டார். அடுத்த குளிருக்குக் குளத்தின் பேச்சே எழவில்லை.

இப்போது அந்தப் பலசரக்குக் கடை இல்லை, கம்பு தொங்கிய கதவைக்கூட மாற்றிவிட்டோம். லா ஷப்பலில் அந்தோனி மாமா எதிரே வந்தால் அப்பா தெருவைக் கடந்து மறுபக்கம் போய்விடுகிறார். போன மார்கழியில் நான் மாமாவின் கண்ணில் நேரே அகப்பட்டுக்கொண்டேன். நரைத்திருந்தார். என் வேலையை விசாரித்தார், மாமியின் பிள்ளைகளை விசாரித்தார், பிறகு சொன்னார்:

"கம்பு பத்திரமா இருக்கெண்டு அப்பாட்டைச் சொல்லுங்கோ பிள்ளை. வந்து எடுக்கட்டும். எனக்கு அது வீசத் தெரியாதெண்டு அவருக்குத் தெரியும்தானே."

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன்.

"எந்த முகத்தோடை போய் வாங்குறது?" என்றார் அப்பா.